சங்கிலி டம்ளர்

நானும் ஷவ்கியும் உம்மு ஹம்தி வீட்டுத் தெருவில் நுழைந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. பிறை தெரிந்தால் மறுநாளே நோன்பு. தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டிக் காகிதத் தோரணமும் தகர விளக்குகளும் தொங்கவிட்டிருந்தார்கள். ரொட்டி சுடும் புகை, கழுதைச் சாணம், மாடியில் புறாக்கூண்டு நாற்றம், எல்லாம் எப்போதும்போலத்தான் இருந்தன. எனக்குத்தான் கால் எழவில்லை.

"வாத்தியாரே, நீ முன்னாடி போ," என்றான் ஷவ்கி. "உன்னைன்னா வாயால திட்டும். என்னைன்னா செருப்பைத்தான் தேடும்."

ஐம்பது வயதில் கூட்டாளியின் தாயாரிடம் திட்டு வாங்கப் போகிறோம். காரணம் ஒரு வாட்டர் கூலர்.

என் பெயர் லுத்ஃபி. எகிப்தில் மின்யாவுக்குத் தெற்கே உள்ள இந்தச் சிறிய ஊரில், நான் படித்த அதே ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் பூகோள வாத்தியார். ஷவ்கி என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது ஃபிரிட்ஜ் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இப்போதெல்லாம் காலை வணக்கப் பூ வரும், சர்க்கரைக்கு வெந்தயம் வரும், இல்லாவிட்டால் மரணம் வரும். மரணம் என்றால் முதல் போன் எனக்கு. "லுத்ஃபி, நீதான் உள்ளூர்ல இருக்கே, கொஞ்சம் பார்த்துக்கப்பா." குளிப்பாட்டுவதற்கு ஆள் பிடிப்பது, கபருஸ்தானில் இடம் பேசுவது, விதவையிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்து நிற்பது, எல்லாம் நான்தான். அலுத்துவிட்டது. நிஜத்தைச் சொன்னால் இப்போதெல்லாம் அழுகை வருவதில்லை, முழங்கால் வலிதான் வருகிறது.

எங்கள் பக்கம் இறந்தவர் பெயரில் தண்ணீர் வைப்பதுதான் பெரிய தர்மம். தெருவுக்குத் தெரு கூலர் நிற்கும், அதற்குமேல் பெயர் வெட்டிய பளிங்குப் பலகை இருக்கும். வழிப்போக்கன் குடிக்கிற ஒவ்வொரு மடக்கும் அந்தப் பெயருக்குரியவன் தொண்டைக்குப் போய்ச் சேரும் என்பார்கள். அதனால் எங்கள் வகுப்பில் இறந்துபோனவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பள்ளிக்கூட வாசலில், தெருவைப் பார்த்து ஒரு கூலர் வைத்தோம். பலகையின் உச்சியில் 'மர்ஹூம்கள்' என்று வெட்டினோம், காலமானவர்கள் என்று. கீழே எட்டுப் பெயர். அதில் இரண்டு பேர் கிறிஸ்தவர்கள் என்பதால், ஃபாத்திஹா ஓதச் சொல்வதா ஜெபிக்கச் சொல்வதா என்று குழுவில் ஒரு வாரம் அடித்துக்கொண்டு, கடைசியில் 'இவர்களுக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்' என்று போட்டோம்.

எட்டாவது பெயர் ஹம்தி.

ஹம்தி டைல்ஸ் பதிக்கிறவன். மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் தனக்குப் பெண் தேடும் வயதைத் தாண்டிவிட்டான். நாலு வருஷம் முன்னால், இந்த வயதில், யாரோ சொன்னதைக் கேட்டுப் பாலைவனம் வழியாக லிபியாவுக்கு வண்டி ஏறினான். நாற்பது பேரை அடைத்த பிக்கப். திரும்பி வந்தவன் ஒரே ஒருவன். வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, ஆளுக்கொரு திசையில் நடந்தோம், அதற்குமேல் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவனும் ஊரைவிட்டுப் போய்விட்டான். உடல் வரவில்லை, போனும் வரவில்லை. எங்களுக்கு அது போதும். அவன் அம்மா உம்மு ஹம்திக்குப் போதவில்லை.

கதவைத் திறந்ததும் உம்மு ஹம்தி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. ஒல்லியான உடம்பு, கறுப்பு அங்கி, கையில் புறாவுக்குப் போடும் சோளம்.

"யாருடா உங்களுக்குச் சொன்னது?"

"உம்மா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"என் பிள்ளை மௌத்துன்னு யாரு வந்து சொன்னது? நீ கண்ணால பார்த்தியா வாத்தியாரே? இவன் பார்த்தானா, இந்த ஐஸ்பெட்டிக்காரன்?"

ஷவ்கி என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

"நாலு வருஷமா நோன்பு திறக்கிற நேரம் அவனுக்குன்னு ஒரு தட்டு வைக்கிறேன். நான் கிறுக்கியா? என் வாசல்ல நின்னுக்கிட்டு என் பிள்ளையைக் கொல்லாதீங்கடா. நாளைக்கும் அந்தப் பேரு அங்க இருந்துச்சுன்னா, அந்தக் கூலர்ல குடிக்கிறவன் வயிறெல்லாம் எரியணும்னு துஆ கேப்பேன்."

கதவு மூடிவிட்டது. உள்ளே சோளம் சிதறும் சத்தம் கேட்டது.

"தலைப்புல மர்ஹூம்னு போட்டதுதான் வினை," என்றான் ஷவ்கி திரும்பும் வழியில். "இப்ப புதுப் பலகைக்கு யாருகிட்டப் போய்க் கையேந்துறது? வெள்ளை சிமெண்டு வெச்சு அடைச்சிருவோம்."

அன்று சாயங்காலமே அடைத்தோம். ஷவ்கி விரலால் சிமெண்டை எடுத்து ஹம்தியின் எழுத்துகளுக்குள் அழுத்தினான், நான் ஈரத்துணியால் துடைத்தேன். தொட்டியில் தண்ணீர் விளிம்புவரை இருந்தது. ஆனாலும் குழாய் ஒருமுறை இருமியது.

"காத்து அடைச்சிருக்கு," என்றான் ஷவ்கி.

நோன்பு தொடங்கியது. கோடையில் வரும் நோன்பு மனிதனை வாட்டி எடுத்துவிடும். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். பின்நேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை தெருவில் நாய்கூட நடக்காது. கிறிஸ்தவர்களும் எங்கள் எதிரில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அது ஊர் மரியாதை. பள்ளி விடுமுறை என்றாலும் சாவி என்னிடம் இருந்ததால், கூலர் பொறுப்பும் என் தலையில்தான். மத்தியானம் குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும். காலையிலேயே மேல்தொட்டியை நிரப்பி, சூரியன் மறைந்து நோன்பு திறக்க வருகிறவர்களுக்குத் தயாராக வைத்துவிடுவேன்.

முதல் நாள் லுஹருக்குப் பிறகு தொட்டியைப் பார்க்கப் போனேன். சங்கிலியில் கட்டிய டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை.

டம்ளர் நனைந்திருந்தது. அடியில் ஒரு சிட்டிகை மணல். கீழே தரையெல்லாம் தண்ணீர் தேங்கி நின்றது. எவனோ நோன்பு பிடிக்காத பயல் குடித்துவிட்டு ஓடியிருக்கிறான் என்று நினைத்து, ஷவ்கிக்குப் போன் போட்டேன்.

"டேய், நீதானே?"

"சத்தியமா நான் இல்லைடா. என் வீட்டு ஃபிரிட்ஜ் என்ன செத்தா போச்சு, உன் வாசல் வரைக்கும் வந்து திருட்டுத்தனமாக் குடிக்கிறதுக்கு?"

இரண்டாம் நாளும் அப்படியே. அந்த மணலை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர் மண் கறுப்பு, நைல் கொண்டுவந்து கொட்டிய வண்டல். இது மஞ்சள், மாவுபோல நைசாக இருந்தது. மேற்கே பாலைவனத்துக்குள் நெடுந்தூரம் போனால்தான் அப்படி மணல் உண்டு.

மூன்றாம் நாள் பள்ளியின் இரும்புக் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு, அதன் நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பயமெல்லாம் அப்போது இல்லை, எரிச்சல்தான். கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும், அவ்வளவுதான். கதவின் தகரம் சுட்டது. எங்கோ ஒரு தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது. அதற்குப்பிறகு ஒரு சத்தமும் இல்லை. கண் சொக்கியது.

சங்கிலி கிணுங்கியது.

குழாய் திறக்கும் ஓசை. டம்ளர் நிரம்பும் ஓசை. பிறகு குடிக்கும் ஓசை.

மடக், மடக், மடக்கென்று நடுவில் மூச்சே வாங்காமல் ஒருவன் குடிப்பதை நான் அதுவரை கேட்டதில்லை. டம்ளர் மறுபடி நிரம்பியது, மறுபடி மடக்குச் சத்தம். கூடவே தரையில் தண்ணீர் சளசளவென்று கொட்டிக்கொண்டே இருந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. குனிந்து பார்த்தேன்.

கால் இல்லை.

தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. குடித்த அத்தனையும் நிற்காமல் கீழே விழுந்தது. மூக்கில் ஒரு வாடை ஏறியது. பெட்ரோல் வாடை.

பிறகு பளிங்கில் நகத்தால் சுரண்டும் சத்தம் ஆரம்பித்தது. அவசரம் இல்லாமல், சுரண்டுவது, நிறுத்துவது, மறுபடி சுரண்டுவது. அந்த மனுஷனுக்குப் பலம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். வாயில் எச்சில் இல்லாமல் கலிமாவைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை.

அஸர் பாங்கு கேட்ட பிறகுதான் தாழைத் திறந்தேன். எட்டாவது வரியின் வெள்ளை சிமெண்டில் கோடு கோடாகக் கீறல்.

ஷவ்கி முதலில் சிரித்தான். "நோன்புல வெறும் வயிறு, வெயிலு, வயசு..." என்றவன், பெட்ரோல் என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"உனக்கு யாரு சொன்னா அது?"

"எது?"

"சின்ன வயசுல நானும் அந்த வழியாத்தான் லிபியாவுக்குப் போனேன். தண்ணிக் கேன்ல கொஞ்சம் பெட்ரோலை ஊத்திருவானுங்க, வண்டிக்காரனுங்க. நாத்தத்துக்குப் பயந்து ஆளுங்க ஒரு வாயோட நிறுத்திப்பாங்க, தண்ணி நாலு நாளைக்கு வரும்." உதட்டைப் புறங்கையால் துடைத்தான். "இன்னிக்கு வரைக்கும் பங்குல பெட்ரோல் போட நின்னா எனக்குக் குமட்டும். வீட்டுலகூடச் சொன்னதில்லைடா."

கீழே வைத்த திருப்புளியை எடுத்துப் பெட்டியில் போட்டான்.

"ஹம்திக்குக் கொடுத்துட்டுப் பிடுங்கிட்டோம்," என்றான். "பேரு இல்லாதவனுக்கு அந்தத் தண்ணி எப்படி இறங்கும்?"

"அவங்ககிட்ட யாருடா போய்ச் சொல்றது?"

"நீதான் வாத்தியாரு."

எனக்கு அழ வேண்டும்போல இருந்தது. ஒரு தாயிடம் போய், உன் நம்பிக்கையை விடு, உன் பிள்ளை தாகத்தில் சுற்றுகிறான் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் ஹம்தி அந்தச் சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே இருப்பான். இரண்டில் எது பெரிய பாவம் என்று இரவெல்லாம் புரண்டேன்.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு நேரே அங்கே போனோம். இந்தத் தடவை உம்மு ஹம்தி கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே நடந்தார். முகம் இரண்டு கன்னமும் ஒட்டிப்போய்க் கிடந்தது. ஜன்னலில் எப்போதும் குளிரவைக்கும் மண் கூஜாக்களைக் காணோம். சுவரோரமாகக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"உம்மா, ஒரு விஷயம்..." என்று தொடங்கினேன்.

"பேசாதே. உட்காரு. இப்ப வரும்."

"யாரு?"

மாடியில் புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒன்றாக அடங்கின.

கதவு தட்டப்பட்டது.

பலமாக அல்ல. விரல் முட்டியால் மூன்று தட்டு.

"உம்மா."

ஷவ்கி என் கையைப் பிடித்தான். அந்தக் குரலை நாங்கள் மைதானத்தில் கேட்டிருக்கிறோம், பரீட்சை ஹாலில் பின்பெஞ்சிலிருந்து கேட்டிருக்கிறோம். இப்போது அது காய்ந்து வெடித்திருந்தது.

"உம்மா. தண்ணி."

கதவிடுக்கு வழியாகப் பெட்ரோல் வாடை வந்தது. உம்மு ஹம்தி முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. எழுந்தால் என்ன ஆகும் என்று பயந்து இரண்டு கையாலும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கதவில் ஏதோ உராய்ந்தது. புறாக்கள் மறுபடி குனுகின.

"முதல் நோன்புல இருந்து," என்றார் மெதுவாக. "தினமும் இதே நேரம்."

"ஏன் உம்மா திறக்கலை?" என்றான் ஷவ்கி.

"திறக்கவா? நாலு வருஷம் கதவைத் தாழே போடாமத் தூங்கினவடா நான். தட்டின முதல் நாள் சந்தோஷத்துல ஓடினேன். தாழ்ப்பாள் மேல கை வெச்ச பிறகுதான் அவன் கேட்டது காதுல விழுந்துச்சு." முக்காட்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஏழு வயசுல இருந்து என் பிள்ளை ஒரு நோன்பு விட்டதில்லை. டைபாய்டு வந்தப்பவும் மாத்திரையை மக்ரிபுக்கு அப்புறம்தான் தின்னான். அவன் நடு மத்தியானத்துல, நோன்பு நாள்ல, என்கிட்ட வந்து தண்ணி கேப்பானாடா?"

என் பக்கம் திரும்பினார்.

"நோன்பு இல்லாதவங்க யாருடா, வாத்தியாரே? நீதான் படிச்சவனாச்சே, சொல்லு."

அவரே சொன்னார்.

"மௌத்தானவங்களுக்குத்தான் நோன்பு இல்லை."

அதைச் சொன்னதும் அந்த அம்மா அழுதார். நாலு வருஷத்து அழுகை. மாரில் அடித்துக்கொண்டு, ஹம்தி, என் ராசா, என் கண்ணே என்று அலறினார். எனக்கும் வந்தது. வெகு காலத்துக்குப் பிறகு எனக்கு முழங்கால் வலி தெரியாமல் அழுகை வந்தது.

பிறகு எழுந்து, சமையற்கட்டிலிருந்து கத்தியை எடுத்து அங்கிக்குள் செருகிக்கொண்டார். "நடங்கடா."

"வெயில் தாழட்டும் உம்மா, நாங்க..."

"அவன் வெயில்லதானே நிக்கிறான்?"

தெருவில் ஒரு ஆள் இல்லை. பலகை முன்னால் நின்று, எங்களைத் தொடவிடாமல், அவரே கத்தி முனையால் ஒவ்வொரு எழுத்தாகச் சிமெண்டைக் கிளறி எடுத்தார். கடைசித் துண்டு விழுந்ததும் வாயால் ஊதித் தூசியை நீக்கினார். டம்ளரை முக்காட்டால் துடைத்து, நிரப்பி, வெயிலை நோக்கி நீட்டினார்.

"குடிடா கண்ணு. உன் பேருல வெச்ச தண்ணிதான். உம்மா தர்றேன்."

சங்கிலி விறைத்தது.

மடக். மடக். மடக்.

டம்ளர் அவர் கையில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்தது, கனம் குறையக் குறைய. கடைசியில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஷவ்கி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான்.

ஒரு சொட்டு இல்லை.

அன்று ராத்திரி தெருவில் பந்தல் போட்டு, ஓதுகிறவரை வரவழைத்து, கறுப்புக் காப்பி கொடுத்து, ஹம்திக்கு முறைப்படி துக்கம் காத்தோம். உம்மு ஹம்தி பெண்கள் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மக்ரிபுக்கு அவனுடைய தட்டை வைக்கவில்லை என்று ஹம்தியின் தங்கை ஒருத்தி என்னிடம் வந்து சொல்லிவிட்டு அழுதாள். சரி, எல்லாம் முடிந்தது, இனியாவது மத்தியானம் தூங்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நோன்பு திறக்க வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். கூலரில் தண்ணீர் இல்லை. ஷவ்கி குழாயைக் கழற்றி, தொட்டியைத் தட்டி, பைப்பை முகர்ந்து பார்த்தான். ஒழுக்கு இல்லை. தரை காய்ந்து கிடந்தது. அதற்கும் மறுநாள் நான் என் கையாலேயே விளிம்புவரை நிரப்பினேன். அஸருக்குத் தொட்டி காலி. டம்ளரின் அடியில் மணல் சிட்டிகைக் கணக்கில் இல்லை, கைப்பிடி அளவு இருந்தது.

இப்படி மூன்றாவது முறை ஆனதும் போய் உம்மு ஹம்தியிடம் சொன்னேன். பேசாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னோடு வந்தார். இரும்புக் கதவுக்கு உள்ளே இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

லுஹர் கழிந்து கொஞ்ச நேரத்தில் சங்கிலி கிணுங்கியது. மடக், மடக். டம்ளரைக் கீழே விட்டு, சங்கிலி சுவரில் மோதும் சத்தம். மறுபடி கிணுங்கல். இந்த முறை வேறு மாதிரிக் குடித்தான், சின்னப் பையன் குடிப்பதுபோல, இடையிடையே இருமிக்கொண்டு. மறுபடி சுவரில் மோதியது. மறுபடி. ஒருவன் முடித்ததும் இன்னொருவன். தள்ளுமுள்ளு இல்லை, பேச்சில்லை. காய்ந்த மணலில் வெறுங்கால்கள் ஒவ்வொரு அடியாக முன்னால் நகர்கிற சரசரப்பு மட்டும். பெட்ரோல் வாடை கண்ணைக் கரித்தது.

பள்ளி நாட்களில் ஹம்தியை விருந்துக்குக் கூப்பிடவே எல்லோரும் பயப்படுவார்கள். ஒருத்தனைக் கூப்பிட்டால் நாலு பேரோடு வந்து நிற்பான்.

உம்மு ஹம்தியின் உதடு கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"பாரேன், இன்னும் இந்தப் பழக்கம் போகலை அவனுக்கு," என்று கிசுகிசுத்தார். "சொல்லாமக் கொள்ளாமக் கூட்டிட்டு வந்துட்டான்."

வெளியே சங்கிலி ஒலித்துக்கொண்டே இருந்தது. அவர் ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார்.

"லுத்ஃபி, இந்தப் பிள்ளைங்க வீட்டுல எல்லாம் இன்னும் தட்டு வெச்சுக்கிட்டுத்தான் இருக்காங்களாடா?"

அந்த வண்டியில் ஹம்தியோடு ஏறியவர்கள் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ காலித் தொட்டியைத் தட்டினார்கள்.

விரல் முட்டியால் மூன்று தட்டு.

நான் எழுந்து தொட்டியை நிரப்பும் ரப்பர் பைப்பை எடுத்தேன்.